எலிப்புழுவும் அஞ்சலை அக்காவின் சமையலும்

நான் வேலை பார்த்த மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது என்று சொல்லி, போன மாதம் என்னையும் தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மலத்தைக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதுமாம். அதுவே கலக்கி, அதுவே படம் எடுத்து, இன்ன புழுவின் முட்டை என்று அதுவே சொல்லிவிடுமாம். நான் முப்பது வருடத்துக்கு மேல் கழுத்து வலிக்க உட்கார்ந்து செய்த வேலையை, நான் ஒரு கறிபாப் பலகாரம் தின்று முடிப்பதற்குள் அது செய்து காட்டியது. வருத்தமா ஆன்டி என்று பிள்ளைகள் கேட்டார்கள். வருத்தமாவது! அந்த இயந்திரத்துக்கு மூக்கு இல்லையே என்று எனக்குப் பொறாமைதான் வந்தது.

அப்போது ஒரு பெண், உங்கள் சர்வீஸில் மறக்க முடியாத கேஸ் எது என்று கேட்டாள். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். இரண்டு பேருக்குத் திடீரென்று போன் வந்தது. எனவே அன்று பாதியில் நின்ற கதையை இங்கே முழுதாக எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தயவுசெய்து முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில் படித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் மற்றப் பெண்களோடு தங்கினேன். கீழே பூமாலை கட்டும் கடை. காலையில் மல்லிகை வாசத்தில் எழுந்து போய், நாள் முழுக்க வேறு வாசத்தில் இருந்துவிட்டு, மாலையில் மறுபடி மல்லிகைக்குத் திரும்புவேன். ரத்தம், சிறுநீர், சளி எல்லாவற்றிலும் சுமாராகத் தேறினேன். மலத்தில் மட்டும் வகுப்பிலேயே முதல். இந்த நல்ல செய்தியைப் போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர், சான்றிதழில் அது எழுதியிருக்குமா என்று மட்டும் கேட்டார்.

கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தேன். என் கணவர் சொந்தக்காரர்களிடம் என்னை "ஆஸ்பத்திரியில் லேப்பில் இருக்கிறாள்" என்று அறிமுகப்படுத்தி, அதோடு பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார். மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், நான் ரத்தம் சோதிப்பதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ரத்தம் என்றால் மரியாதை இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு அது கிடையாது.

ஆனால் சலிப்பில்லாத மேசை அது. குப்பி கொடுத்து அனுப்பினால் யாரும் அந்தக் குப்பியில் கொண்டு வருவதில்லை. ஊறுகாய் போத்தலில் வரும். கல்யாண வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுத்த பெட்டியில், மணமக்கள் பெயரோடு வரும். ஒருவர் பந்திங்கிலிருந்து பஸ்ஸில் ஒரு வாளியே தூக்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு எதற்கு அங்கிள் என்று கேட்டேன். எவ்வளவு வேணும்னு நீங்க சொல்லலையேம்மா என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைமை டாக்டர் ரொக்கியா. குள்ளமான, உருண்டையான அம்மாள். பூப்போட்ட தூடோங் முக்காடும் வெள்ளைக் கோட்டுமாக நடந்து வந்தால் தேநீர்க் கெட்டில் நடந்து வருவது போல இருக்கும். ஒட்டுண்ணிகள் என்றால் உயிர். மத்தியானம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, சம்பலில் முட்டையைப் புரட்டிக்கொண்டே, குடல் புழுக்களின் வாய் எப்படி இருக்கும் என்று விளக்குவார். எதிரில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். எனக்கு அது பழகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, என் மேல் அவருக்குப் பிரியம்.

அவர் யாரையும் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. நாம் என்ன கண்டுபிடித்துச் சொன்னாலும் ஒரே பதில்தான். "செக்காலி லாகி." இன்னொரு தடவை பார். சரியாகச் சொன்னாலும் செக்காலி லாகி, தப்பாகச் சொன்னாலும் செக்காலி லாகி. இரண்டாவது தடவையும் அதே பதிலைச் சொன்னால் அப்போதுதான் எழுந்து வந்து தானே குனிந்து பார்ப்பார்.

அவர் வைத்திருந்த முறை இதுதான். நுண்ணோக்கிக்குப் போவதற்கு முன்னால் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். நிறம், பதம், அதில் என்னென்ன கிடக்கிறது எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிறகு ஈர்க்குச்சி நுனியளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் உப்புநீரிலும் மறுபக்கம் அயோடினிலும் கரைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூட வேண்டும். கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்து அதன் வழியே படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் சரியான கரைசல். அதன் பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்து, புல் வெட்டுகிறவன் போவது போல, ஒரு கீற்றுக்கூட விடாமல் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஏதாவது கிடைத்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ஒரு புழு இருக்கிற வயிற்றில் இன்னொன்று இருக்கக் கூடாது என்று சட்டமா என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய சமயத்தில், யாழினி என்ற ஐந்து வயதுப் பெண்ணின் குப்பி என் மேசைக்கு வந்தது. வயிற்று வலி, தூக்கத்தில் பல் கடிக்கிறாள் என்று குறிப்பு. வெறும் கண்ணால் பார்த்தேன். வழக்கமான சங்கதிதான், ஆனால் நடுவே பளீரென்று ரோஸ் நிறத்தில் ஒரு மணி. மிட்டாய்த் துணுக்கு போல என்று எழுதினேன். பிறகு தகட்டில் பார்த்தேன். வட்டமாக, தேன் நிறத்தில், கனமான ஓட்டோடு ஒரு முட்டை. உள்ளே ஆறு சின்னக் கொக்கிகள்.

பிள்ளைகளிடம் எப்போதாவது பார்க்கிற குள்ள நாடாப்புழுவின் முட்டை இதைவிடச் சிறியது, உள்ளே நூல் நூலாக இழை இருக்கும். இதில் இழை இல்லை. டாக்டரிடம் ஓடி, எலி நாடாப்புழு மாதிரி இருக்கிறது என்றேன்.

"செக்காலி லாகி."

மறுபடி பார்த்துவிட்டு வந்து அதையே சொன்னேன். அவர் தின்றுகொண்டிருந்த முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. இது எலியின் குடலில் வாழ வேண்டிய புழு. பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்தான். மனிதருக்கு வந்தால் எங்கோ ஒருவருக்கு வரும். எலிப் புழுக்கையைத் தின்ற வண்டு ஏதாவது மனிதர் வாயில் போனால்தான் வரும். தெரிந்தே வண்டு தின்கிறவர் யார் இருக்கிறார்?

அந்த வாரமே யாழினி படித்த பாலர் பள்ளியிலிருந்து இன்னொரு குப்பி வந்தது. அதிலும் அதே முட்டை. டாக்டர் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய மாதிரியையும் வாங்கச் சொன்னார். பாதிக்கு மேல் எலிப்புழு. அரைப் பக்கத்துப் புழு ஒரு வகுப்பறையையே பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எங்கள் ஆய்வுக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வேறு மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் காரெடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல முட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை, மாத்திரை கொடுத்தால் புழு போய்விடும் என்பதால் அந்தக் குதூகலத்தை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பள்ளியில் யாருக்கும் குதூகலம் இல்லை. கிள்ளானில் ஒரு தெருமுனை வீட்டில் விமலா டீச்சர் நடத்திவந்த சின்னப் பாலர் பள்ளி அது. பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்தவர் அஞ்சலை அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். வயிற்றில் புழு என்றதும் பெற்றோர்கள் எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். யார் சமைத்தது?

முன்னால் நின்றவர் தனபாலன். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர், பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர், இரட்டைப் பெண்களின் அப்பா. கெட்டவர் இல்லை. ஆனால் எந்த விஷயத்தையும் லோரி ஓட்டுகிற வேகத்திலேயே முடிவு செய்கிறவர். சமையல்காரம்மா கையால் இனி யாரும் சாப்பிட வேண்டாம் என்று சங்கத்து வாட்சாப்பில் அவர்தான் போட்டார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கொண்டு வந்தார்கள். அக்கா வழக்கம் போலச் சமைத்து, மூடி வைத்து, மாலையில் எடுத்துக் கொட்டினார். அவரை நிறுத்தாவிட்டால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று பெற்றோர்கள் சொல்ல, விமலா டீச்சர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தார்.

அக்காவையும் சோதிக்கச் சொன்னார்கள். அவர் என் முன்னால் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். முறையாக, கொடுத்த குப்பியிலேயே, பெயரெழுதிக் கொண்டு வந்த ஒரே ஆள் என் சர்வீஸில் அவர்தான். முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை. பெற்றோர் சங்கம் நம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது குப்பியை நீட்டும்போது சொன்னார்:

"மிஸ்ஸி, நா கீரைய ஏழு தண்ணியில அலசுறவ. அந்தப் பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடறதும் நாந்தான். இப்ப நா போற வழியில அவங்கம்மாங்க பிள்ளைய இழுத்துப் புடிச்சிக்கிறாங்க."

குப்பியை வாங்கி அப்போதே பார்த்தேன். மூன்றாவதும் சுத்தம். ஆனால் சமையல்காரர் வயிறு சுத்தம் என்றால் சமையல் சுத்தம் என்று ஆகிவிடாதே என்றார் தனபாலன். அதுவும் உண்மைதான், அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

இதற்கிடையில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜூல் பள்ளியைத் தலைகீழாகப் புரட்டினார். இளைஞர், சுறுசுறுப்பானவர். சமையலறையில் மாவு, பருப்பு, அரிசி, எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தார். ஒரு வண்டு இல்லை. அக்காவின் அரிசி டப்பாவைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில்கூட இவ்வளவு சுத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டார். பள்ளியில் சுற்றிய பூனையைப் பிடித்து அதன் மலத்துக்காக அரை நாள் அதன் பின்னால் அலைந்தார். நான் எழுதிய மிட்டாய்த் துணுக்கை நம்பி, அந்த வட்டாரக் கடைகளில் விற்ற கலர் மிட்டாய்களை எல்லாம் வாங்கி வந்து என் மேசையில் கொட்டினார். உடைத்துப் பார்த்தோம். சர்க்கரையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு வாரம் எங்கள் ஆய்வுக்கூடமே ரோஸ் நாக்கோடு திரிந்தது.

ஒரே ஓர் இடத்தை மட்டும் ஜூல் திறக்கவில்லை. பின்னறையில் ஓர் அலமாரி, அதன் மேல் விநாயகர் படம், பூ, ஊதுவத்தி. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, தீபாவளிச் சாமான் என்றார்களாம். சாமி விஷயம் என்று நினைத்து, அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தோம். எல்லோருக்கும் புழு போனது. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் யாழினிக்கு மட்டும் திரும்ப வந்திருந்தது. மாத்திரை தோற்றதா, அல்லது பிள்ளை இன்னும் எங்கிருந்தோ தின்றுகொண்டிருக்கிறதா? இத்தனைக்கும் அக்காவின் சாப்பாட்டை யாரும் தொட்டே நாளாகிவிட்டது. இதை டாக்டர் எடுத்துச் சொன்னார். பயம் பிடித்த பெற்றோர் காதில் அது ஏறவில்லை. சனிக்கிழமை கூட்டம் போட்டு முடிவெடுப்பதாகத் தனபாலன் அறிவித்தார்.

டாக்டர் ரொக்கியா அந்தக் கூட்டத்துக்குப் போனார். பெற்றோர்கள் தமிழில் கோபப்பட்டால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்னறையில் பெரியவர்கள் எல்லோரும் பாலர் பள்ளி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை அக்கா சமையலறை வாசலில், தன் பாத்திரங்களைப் பைக்குள் வைத்துக் கட்டி, பைமேல் கை வைத்து நின்றிருந்தார். தனபாலன் எழுந்து, யாரெல்லாம் ஆளை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்களோ கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் ஒவ்வொன்றாக ஏறின. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் பக்கத்து அறைக்கு நழுவினேன்.

அங்கே பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் பெரிய பிஸ்கட் டின். அதில் பச்சை, ரோஸ், மஞ்சள், ஊதா எல்லாம் கலந்த அரிசி. ஒவ்வொரு பிள்ளையும் கைப்பிடி அள்ளி, நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் தீபாவளிக் கோலம் என்றால் கலர் அரிசிதான். பேரங்காடிகளில் கூடம் அளவுக்கு மயில் போடுவார்கள், போட்டியே நடக்கும். இந்தப் பள்ளி தொடர்ந்து ஜெயித்து வந்த பள்ளி. போட்டி முடிந்ததும் அரிசியை வீசுவானேன் என்று, எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி ஒரே டின்னில் போட்டு, ஜூல் திறக்காமல் வந்த அந்த அலமாரியில் வைப்பார்கள். மறு வருடம் பிள்ளைகளை உட்கார வைத்து நிறம் பிரிக்கச் சொல்வார்கள். செலவும் மிச்சம், பிள்ளைகளுக்கு விரல் பயிற்சியும் ஆயிற்று. இப்படியே வருடக்கணக்காக ஒரே அரிசி. இந்த ஏற்பாடு தலைவர் தனபாலனின் யோசனை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

யாழினிதான் எல்லோரையும்விட வேகமாகப் பிரித்தாள். இரண்டு மணியைத் தட்டில் போட்டாள், ஒன்றை வாயில் போட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எது நன்றாக இருக்கும் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"பச்சதான் ஆன்டி நல்லா இருக்கும். ஊதா கசக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "நடக்குறது இருந்துச்சுன்னா ஊதிட்டுத்தான் சாப்டுவேன்."

இத்தனை நாள் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா, டாக்டர், இன்ஸ்பெக்டர் எல்லோரும் கேட்டார்களே, இதை ஏன் கண்ணா சொல்லவில்லை என்றேன். அவள் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது சாப்பாடு இல்லையே ஆன்டி. இது கோலம்."

டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். தூக்கிய கைகள் இன்னும் இறங்கவில்லை. டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு கரண்டி வாங்கி அடியிலிருந்து கிளறினார். ரோஸ் அரிசிக்கு நடுவே பழுப்பு வண்டுகள் கூட்டமாக ஓடின. அடியில் எலிப் புழுக்கை. டின்னின் மூடி ஓரம் கடிபட்டிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம்.

"அது நம்ம சேம்பியன் அரிசியாச்சே" என்றார் தனபாலன். கை மட்டும் மேலேயே நின்றது.

டாக்டர் டின்னைத் துணியில் கட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வண்டாக உப்புநீரில் போட்டு, ஊசி முனையால் பிரித்துப் பார்த்தோம். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு வண்டின் வயிற்றுக்குள், வாலோடு ஒரு குட்டி உருண்டை. நாடாப்புழுவின் குஞ்சு. செக்காலி லாகி வரும் என்று நான் காத்திருந்தேன். டாக்டர் ரொக்கியா கண்ணை எடுக்காமல், "சான்தெக்" என்றார். அழகு என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது. புழுவுக்குத்தான் சொன்னார்.

விமலா டீச்சர் அன்றே அஞ்சலை அக்காவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா உடனே வர ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் போனில் சொன்னார்:

"என்னைய மூணு வாட்டி குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். கைய தூக்குனவங்க எல்லாரும் ஒரே ஒரு வாட்டி குடுக்கட்டும் மிஸ்ஸி. அப்புறம் வரேன்."

டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அரிசி பிரிக்கப் பெற்றோர்களும் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்தவர்கள்தானே, சோதிப்பதுதான் முறை என்று உத்தரவே போட்டார். அந்த வாரம் என் மேசை கண்ட கூத்தை என்ன சொல்வது. வக்கீல் ஒருவர் கறுப்புப் பையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். ஓர் அம்மாள் குப்பி மேல் வாசனைத் தைலம் தெளித்திருந்தார். தனபாலன் தானே வர வெட்கப்பட்டு லோரியில் அனுப்பினார். கண்டெய்னர் இழுக்கிற பெரிய லோரி. ஓட்டுநர் இறங்கி வந்து, உடையும் பொருள் என்று ஒட்டிய பெட்டியை என் மேசையில் பதமாக வைத்துவிட்டு, சரக்கு வந்ததாகக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்து, கரைத்து, மூலையிலிருந்து ஆரம்பித்தேன். வட்டம், தேன் நிறம், ஆறு கொக்கி. டாக்டர் செக்காலி லாகி என்றார். மறுபடி பார்த்தேன். முன்னைவிட நிறைய இருந்தது.

பெரிய மனிதருக்கு எப்படி என்று அவர் மனைவிதான் பின்னால் சொன்னார். சின்ன வயதிலிருந்தே கையில் அரிசி பட்டால் வாயில் போட்டு மெல்லுகிற பழக்கமாம். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று அவருடைய அம்மா மிரட்டியும் கேட்கவில்லையாம். கல்யாணத்தன்று கொட்டிய மழையில் மாப்பிள்ளை வந்த காரே சாலையில் நின்றுவிட்டதாம். முடிவை டாக்டர் அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பின்னாளில் அவரே ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்ததால்தான் இங்கே எழுதுகிறேன்.

பெற்றோர்கள் எல்லோரும் கொடுத்து முடித்ததும் அக்கா வேலைக்கு வந்தார். மாத்திரை போட்ட பிள்ளைகளின் மாதிரி வாங்க நானும் அன்று பள்ளிக்குப் போயிருந்தேன். சோறு, சாம்பார், கங்கோங் கீரை, பொரித்த நெத்திலி. எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் பிள்ளைகள் கையில் இன்னும் வீட்டு டப்பாதான். அம்மாக்கள் வாசல் கேட்டில் கூட்டமாக நின்றார்கள். குற்றம் அக்கா மேல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வாரம் பயந்த மனசு சட்டென்று திரும்பவில்லை. யாராவது முதலில் சாப்பிடட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனபாலன் உள்ளே வந்தார். தன் பெண்களுக்கு நடுவில் ஒரு ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. பெண்களின் டப்பாக்களை மூடி ஓரமாக வைத்துவிட்டு, தட்டை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் போடுங்கக்கா."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ அட்டையைக் கவனமாகப் படித்தேன். அதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது போல. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு கரண்டி சோறு அதிகமாகவே வைத்தார்.

"எல்லாம் நல்லா வேக வச்சதுதான் சார். பயப்படாம சாப்பிடுங்க."

தனபாலனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கீரையை மறுபடி கேட்டார், நெத்திலியை மறுபடி கேட்டார், கடைசியில் தட்டை வழித்தார். அப்பா சாப்பிடுவதைப் பார்த்து இரட்டைப் பெண்கள் தட்டை நீட்டினார்கள். யாழினி தன் டப்பாவை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் வந்தன. கேட்டில் நின்ற அம்மாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தாங்களும் ஆளுக்கொரு தட்டை எடுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். சமையலறைக்குப் போனேன். அடுப்புப் பக்கம் நின்று முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். குப்பியோடு என் முன்னால் நின்றபோதும் அழாதவர், கைகள் உயர்ந்தபோதும் அழாதவர். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தோளைத் தொட்டு, என்னக்கா, எல்லாம்தான் முடிந்ததே என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசி டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சோறு பத்தாது மிஸ்ஸி. சீக்கிரம் களைஞ்சு குடுங்க, இன்னொரு பானை வைக்கணும்."